காய்ச்சல் இன்று, அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை: குழந்தைகள் கிளினிக்கில் அன்றைக்கே இடம் கிடைக்க என்ன வழி?

ஞாயிறு இரவு குழந்தைக்குக் காய்ச்சல் ஆரம்பிக்கிறது. திங்கள் காலை, ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மருத்துவமனையின் ஆப்பைத் திறக்கிறீர்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு அடுத்த ஸ்லாட் வியாழக்கிழமை மாலை. ரிசப்ஷனுக்கு போன் செய்தால், "வந்து உட்காருங்க, கடைசியில பார்க்கிறோம்" என்கிறார்கள்.

பெங்களூரு, புனே, குருகிராம் என்று வேலைக்காக வந்து, தாத்தா பாட்டி பக்கத்தில் இல்லாமல் குழந்தை வளர்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. "டாக்டர் குறைவு, கூட்டம் அதிகம், என்ன பண்ண முடியும்?" என்று நாமும் விட்டுவிடுகிறோம். பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் எல்லா இடத்திலும் காரணம் அது இல்லை. கணக்கைப் பார்த்தால் புரியும்.

வியாழக்கிழமை வரை ஏன் இடம் இல்லை?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு டாக்டர், ஒரு நாளைக்கு 6 மணி நேரம், ஒரு குழந்தைக்கு 10 நிமிடம். மொத்தம் 36 ஸ்லாட். தினமும் சராசரியாக 36 பேர் அப்பாயின்ட்மென்ட் கேட்கிறார்கள். காத்திருப்பு 5 நாள்.

கவனியுங்கள். தினமும் 36 பேர் கேட்கிறார்கள், 36 பேரை டாக்டர் பார்க்கிறார். வரவும் செலவும் சமம். அப்படியானால் 5 நாள் எங்கிருந்து வந்தது? எப்போதோ டாக்டர் லீவில் போனபோதோ, காய்ச்சல் சீசனிலோ சேர்ந்த 180 பேரின் பாக்கி அது. அந்தப் பாக்கியை யாரும் அடைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு நாளும் டாக்டர் பார்ப்பது 5 நாள் முன்பு கேட்டவர்களை. இன்று கேட்பவர் 5 நாள் கழித்து வருவார். பழைய கடனுக்கு மாதாமாதம் வட்டி மட்டும் கட்டுவதுபோல இது அப்படியே நிற்கும்.

இங்கே ஒரு எளிய சோதனை இருக்கிறது. காத்திருப்பு மாதக்கணக்காக ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால், அந்த கிளினிக்கில் வருகிறவர்களைப் பார்க்கத் தேவையான நேரம் இருக்கிறது. பழைய பாக்கிதான் பிரச்னை. காத்திருப்பு வாராவாரம் ஏறிக்கொண்டே போனால்தான் உண்மையான பற்றாக்குறை. தினமும் 38 பேர் கேட்டு 36 பேரைத்தான் பார்க்க முடிந்தால், 25 வேலை நாளில் 50 பேர் கூடுதலாகச் சேர்ந்துவிடுவார்கள். அதற்கு இன்னொரு டாக்டர் வேண்டும், அல்லது வேலையைக் குறைக்க வேண்டும்.

நம் உதாரண கிளினிக்கில் தினமும் 1 மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தால் 6 பேர் கூடுதல். 180 பேரின் பாக்கி 30 வேலை நாளில் தீரும். அதன்பிறகு அதே டாக்டர், அதே 6 மணி நேரம், ஆனால் காத்திருப்பு இல்லை.

இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா?

1990-களில் அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில், கெய்சர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனத்தில் மார்க் முர்ரே, கேத்தரின் டான்டாவ் இருவரும் இதைச் செய்தார்கள். அங்கே ஓர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு 55 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்குள் அது 1 நாளாகக் குறைந்தது என்று 2000-ஆம் ஆண்டு அவர்கள் எழுதினார்கள். அவர்களுடைய கொள்கை ஒரே வரிதான்: இன்றைய வேலையை இன்றே முடி.

பிற்பாடு பல நாடுகளில் பல கிளினிக்குகள் இதை முயன்றன. 2011-இல் அந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, காத்திருப்பு பொதுவாகக் குறைந்திருந்தது. ஆனால் 48 மணி நேரத்துக்குள் கொண்டுவர முடிந்தவை சிலவே. ஆக, இது பலன் தரும் வழிதான், ஆனால் எளிதில் கைகூடுவது அல்ல.

கொஞ்சம் ஸ்லாட்டை "இன்றைக்கு மட்டும்" என்று ஒதுக்கினால் போதாதா?

பெரும்பாலான மருத்துவமனைகள் செய்வது இதைத்தான். காலையில் சில ஸ்லாட் திறக்கும், சில நிமிடங்களில் காலியாகும். தட்கல் டிக்கெட் எடுத்த அனுபவம் இருந்தால் உங்களுக்கே தெரியும். வேகமாக விரல் ஓட்டுகிறவருக்குத்தான் அது கிடைக்கும்; அவசரத்தில் இருக்கிறவருக்குக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அதோடு, ஒதுக்கிய இடத்துக்காக மற்றவர்கள் பின்னுக்குத் தள்ளப்படுவதால் பாக்கி இன்னும் ஏறும்.

நேர்மாறான தவறும் உண்டு. பிரிட்டனில் 2000-ஆம் ஆண்டு அரசு ஓர் இலக்கு வைத்தது: 2004-க்குள் எவரும் 48 மணி நேரத்துக்குள் குடும்ப மருத்துவரைப் பார்க்க முடிய வேண்டும். இலக்கைத் தொடுவதற்காக, சில கிளினிக்குகள் 48 மணி நேரத்துக்கு அப்பால் முன்பதிவே கிடையாது என்றன. 2005 தேர்தல் நேரத்து டிவி நிகழ்ச்சியில் ஒரு பெண் இதைக் கேட்டபோது, பிரதமர் டோனி பிளேர் தனக்கு இது தெரியாது என்று திகைத்துப்போனார்.

குழந்தைகள் கிளினிக்கில் இந்தத் தவறு இன்னும் மோசம். தடுப்பூசிக்கு 6, 10, 14 வாரம், 9 மாதம் என்று தேதி முன்கூட்டியே தெரியும். காய்ச்சலுக்குத் தேதி கிடையாது. முதல் வகைக்கு முன்பதிவு வேண்டும், இரண்டாவதுக்கு அன்றைக்கே இடம் வேண்டும். இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் திட்டுதான் விழும்.

எல்லா ஸ்லாட்டையும் நிரப்பினால் என்ன ஆகும்?

ஸ்லாட் காலியாக இருந்தால் நஷ்டம் என்று நிர்வாகம் நினைப்பது இயல்பு. ஆனால் வரிசைகள் நேர்க்கோட்டில் வளர்வதில்லை. யார் எப்போது வருவார், ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று உறுதியாகத் தெரியாத, ஒரே டாக்டர் உள்ள இடத்துக்கான எளிய கணக்கு இது (உள்ளே இருப்பவரையும் சேர்த்து):

• டாக்டரின் நேரத்தில் 80% நிரம்பினால், சராசரியாக 4 பேர் இருப்பார்கள்.
• 90% நிரம்பினால் 9 பேர்.
• 95% நிரம்பினால் 19 பேர்.

90-இலிருந்து 95-க்கு ஏறுவது வெறும் 5 சதவீதம், ஆனால் கூட்டம் இரண்டு மடங்குக்கும் மேல். திங்கள் காலை அந்த வெயிட்டிங் ஹால் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுதான் பதில்.

"நம்ம ஊர் டோக்கன் சிஸ்டத்துல அன்னிக்கே பார்த்துடுவாங்களே?"

உண்மைதான். இந்தியாவில் பல குழந்தை டாக்டர்கள் வருகிற எல்லோரையும் அன்றைக்கே பார்த்துவிடுகிறார்கள். நாள் கணக்கில் காத்திருப்பு பூஜ்யம். ஆனால் அதற்கான விலையை இரண்டு இடங்களில் கொடுக்கிறோம்.

ஒன்று, வெயிட்டிங் ஹால். 6 வாரக் குழந்தை தடுப்பூசிக்காக, காய்ச்சல் குழந்தைகளுக்கு நடுவே 2 மணி நேரம் உட்கார்ந்திருக்கும். தட்டம்மை கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்தக் காற்றில் இருக்கக்கூடியது.

இரண்டு, டாக்டரின் நேரம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வில், முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவுக்குக் கிடைத்தது சுமார் 2 நிமிடம்.

அதனால் "இன்றைக்கே பார்க்கலாம்" என்பது மட்டும் ஒரு கிளினிக்கின் தரத்தைச் சொல்லாது. மூன்று எண்களைச் சேர்த்துப் பாருங்கள்: எத்தனை நாள், ஹாலில் எத்தனை நிமிடம், டாக்டர் முன்னால் எத்தனை நிமிடம். ஒன்றைக் குறைக்க இன்னொன்றை நசுக்கினால் அது முன்னேற்றம் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் 2022 அக்டோபரில் தொடங்கிய கியூஆர் கோடு பதிவு முறையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஓ.பி. சீட்டு வாங்கும் வரிசையை அது குறைக்கிறது, நல்ல விஷயம். டாக்டர் அறைக்கு வெளியே நிற்கும் வரிசை வேறு. அதற்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

கிளினிக் என்ன செய்யலாம்?

• முதலில் எண்ண வேண்டும். 2 வாரத்துக்கு, இடம் இல்லை என்று திருப்பி அனுப்பிய போன் அழைப்புகள் உள்பட, யார் எந்த நாளில் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் குறித்தாலே போதும். பார்த்தவர்களை மட்டும் எண்ணினால் உண்மையான தேவை தெரியாது.
• பாக்கியை ஒருமுறை அடைக்க வேண்டும். காய்ச்சல் சீசனில் இதைத் தொடங்கக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரையும், பருவமழைக்குப் பிறகும் என இந்தியாவில் ஃப்ளூ ஆண்டுக்கு இரண்டு முறை ஏறும்.
• தடுப்பூசி, வளர்ச்சிப் பரிசோதனை போன்றவற்றைக் கூட்டம் குறைந்த நாளுக்கும், தனி நேரத்துக்கும் மாற்றலாம். திங்கட்கிழமை கூட்டம் அதிகம் என்றால் அன்று பெரும்பகுதியைத் திறந்தே வைக்கலாம்.
• டாக்டரே செய்யத் தேவையில்லாததைப் பிரித்துவிடலாம். எடை, உயரம், ஊசி ஆகியவற்றை நர்ஸ் பார்க்கலாம். ரிப்போர்ட் நார்மல் என்று சொல்ல போன் போதும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, கூடவே பெரியவர் ஒருவர் இருந்தால் குழந்தைக்கும் வீடியோவில் ஆலோசனை தரலாம்.
• டோக்கனுக்கு நேரம் போட வேண்டும். 1952-இல் நார்மன் பெய்லி என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் கண்டுபிடித்த எளிய விதி இன்றும் பயன்படுகிறது: தொடக்கத்தில் இரண்டு பேரை வரச் சொல்லுங்கள், பிறகு சராசரி பரிசோதனை நேர இடைவெளியில் ஒவ்வொருவராக. ஆனால் டாக்டர் சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். இல்லையென்றால் எந்த விதியும் உதவாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

• ஆப்பில் முதல் காலி ஸ்லாட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது யாரோ கேன்சல் செய்ததாக இருக்கலாம். மூன்றாவது காலி ஸ்லாட் எந்த நாளில் இருக்கிறது என்று பாருங்கள். மருத்துவ நிர்வாகத்தில் காத்திருப்பை அளக்கும் அளவுகோலே அதுதான்.
• புதிதாக டாக்டர் தேடும்போது மூன்று கேள்விகள்: திங்கள் காலை காய்ச்சல் என்றால் அன்றே பார்ப்பீர்களா? தடுப்பூசிக்குத் தனி நேரம் உண்டா? டாக்டர் லீவு என்றால் யார் பார்ப்பார்?
• தடுப்பூசியை முன்கூட்டியே, வாரத்தின் நடுவில் பதிவு செய்யுங்கள். சனிக்கிழமையை விட்டுக்கொடுக்க முடிந்தால் நல்லது.
• குழந்தைக்குச் சரியாகிவிட்டால் ஸ்லாட்டை கேன்சல் செய்யுங்கள். நீங்கள் போகாமல் விட்ட அந்த 10 நிமிடம், இடம் இல்லை என்று திரும்பிய இன்னொரு குழந்தையுடையது.

எப்போது ஸ்லாட்டுக்காகக் காத்திருக்கவே கூடாது?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆப்பை மூடிவிட்டு நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108 அல்லது 112.

• 3 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்.
• வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், மிகுந்த சோர்வு.
• பால், தண்ணீர் எதுவும் குடிக்க முடியாமை, அல்லது குடித்த எல்லாவற்றையும் வாந்தி எடுத்தல்.
• வேகமான மூச்சு. குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்: 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40, அல்லது அதற்கு மேல். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும் அவசரம்தான்.
• டெங்கு காலத்தில், காய்ச்சல் இறங்கிய பிறகு கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ரத்தக்கசிவு. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நிம்மதி அடையும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம்.

இந்தப் பட்டியலை இப்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கும் அனுப்பி வையுங்கள். இதில் எதுவும் இல்லையென்றால், குழந்தை ஓரளவு விளையாடிக்கொண்டு, குடித்துக்கொண்டு இருந்தால், டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு அடுத்த நாள் போவதில் பெரும்பாலும் தவறில்லை. அப்படி ஒருவர் ஒரு நாள் பொறுத்தால், இன்று பார்த்தே ஆக வேண்டிய குழந்தைக்கு ஒரு இடம் கிடைக்கும்.