நடக்குமுன் எழுதப்பட்ட வரலாறு

தமிழ்ப் புலவர்கள் நிலவுக்குப் போகவில்லை; நிலவைத்தான் கீழே அழைத்தார்கள். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்றொரு பகுதி உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று சந்திரனைச் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் அழைப்பது அதன் மரபு. திருமலை நாயக்கர் காலத்து மதுரையிலே குமரகுருபரர் மீனாட்சியம்மைக்காக அம்புலியை அழைத்த அதே காலப்பகுதியில், 1634 ஆம் ஆண்டில், ஜெர்மனியின் வானியல் அறிஞர் கெப்ளர் எழுதிவைத்திருந்த சந்திரப் பயணக் கதை, அவர் இறந்தபின் அச்சேறியது. அவருக்கும் முன்னே, கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், லூசியன் என்பவர் சூறாவளியில் அகப்பட்ட கப்பலொன்றை ஏழு பகலும் ஏழு இரவும் வானிலே மிதக்கவிட்டுச் சந்திரனிற் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

இவ்வரிசையில் வந்தவர்களுள் நமது நாட்டோடு உறவு கொண்டவர் ஆதர் சி. கிளார்க். 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, திருகோணமலைக் கடலிலே மூழ்கிக் கோணேசர் ஆலயத்தின் பழைய சிதைவுகளைக் கண்டவர்களுள் ஒருவர். 2008 இல் கொழும்பிலேயே காலமானார். இங்கு வருவதற்கு முன், 1947 இல், லண்டனில் மாணவராயிருந்தபோது விடுமுறையில் இருபதே நாட்களில் ஒரு நாவல் எழுதினார். 1951 இல் வெளிவந்த அதன் பெயரை 'விண்வெளிக்கு ஒரு முன்னுரை' எனத் தமிழாக்கலாம்.

இலக்கியம் கற்பிக்கும் என்னை இந்நாவலிற் கவர்ந்தது விண்கலமன்று, அதன் நாயகனே. அவன் வீரனுமல்லன், விஞ்ஞானியுமல்லன். சந்திரனுக்கான முதற் பயணத்தின் வரலாற்றை எழுதுவதற்காகச் சிக்காகோவிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு வரலாற்றாசிரியன். நடந்ததை எழுதுவது வரலாறு என்பர். இங்கோ, நடவாத ஒன்றுக்குக் கிளார்க் வரலாற்றாசிரியனை நியமித்துவிட்டார்!

அவர் கற்பனையில் அப்பயணம் 1978 இல் நிகழ்கிறது. அணுசக்தியால் இயங்கும் கலம் அவுஸ்திரேலியப் பாலைவனத்திலிருந்து புறப்படுகிறது. உண்மையில் நடந்ததோ வேறு. ஒன்பது ஆண்டுகள் முந்தி, 1969 ஜூலையில், அமெரிக்கர் புளோரிடாவிலிருந்து இரசாயன எரிபொருளாற் சென்றனர். ஆண்டும் இடமும் எரிபொருளும் பிழைத்தன. எனினும் ஒன்று எஞ்சி நிற்கிறது. பூமியின் எல்லைக் கோடுகளை விண்வெளிக்குக் கொண்டுசெல்லக் கூடாது என்பதே அந்நாவலின் உயிர்க்கருத்து. இரண்டாம் உலகப் போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில் எழுதப்பட்டது அது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சந்திரனை எந்த அரசும் தனதென உரிமை கோரலாகாது என்ற சர்வதேச ஒப்பந்தம் 1967 இல் ஏற்பட்டது. ஆயினும் இரு வல்லரசுகளின் போட்டியே மனிதனை அங்கே கொண்டு சென்றது. அவன் நாட்டியதும் ஒரு நாட்டின் கொடியே.

எல்லைக் கோடு என்றால் என்னவென்று மட்டக்களப்பு வாவிக்கரையினர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நான் மாணவனாயிருந்த காலத்தில் எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை மற்றொருவர் கையிலும் இருந்தன. இடையே கிடந்த வாவியைப் பாதையிலோ தோணியிலோ கடந்து, சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டித்தான் பிள்ளைகள் படிக்க வந்தார்கள். 2007 இல் அந்நிலை மாறிற்று. 2014 இல் மண்முனையிற் பாலமும் வந்தது. அன்றும் பூரணை நிலவு இரு கரைக்கும் ஒன்றாகத்தான் காய்ந்தது.

'நான் சந்திரனுக்குச் சென்றால்' என்பது நமது பாடசாலைகளிற் பழகிப்போன கட்டுரைத் தலைப்பு. பிள்ளைகள் விண்கலத்தையும் விண்ணுடையையும் அழகாக வருணிப்பார்கள். யாரை உடன் அழைத்துச் செல்வாய், எதை இங்கேயே விட்டுச் செல்வாய் என்ற இரண்டு கேள்விகளையும் இப்போது நான் சேர்த்துக் கேட்கிறேன். கிளார்க் தம் நாவலிலே விடை தேடியதும் அவற்றுக்கே.