இரண்டாவது பணயம்

அசோக் நகரிலிருந்து கிண்டி குதிரைப் பந்தய மைதானம் அதிக தூரமில்லை. 18-ம் நூற்றாண்டிலிருந்து குதிரைகள் ஓடிய இடம். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் ஏற்பட்டது. 1974-ல் பந்தயத்தை ஒழிக்கத் தமிழக அரசு சட்டம் செய்தது. 1986-ல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பிரதானமாகத் திறமை சார்ந்தது, சூதாட்டமல்ல என்று தீர்ப்பளித்தது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, சுமார் 160 ஏக்கர் நிலத்துக்குச் சீல் வைத்தபோது தகராறு வாடகை பாக்கியைப் பற்றியதாக இருந்தது. சூதைப் பற்றியதாக இல்லை.

இவ்வளவு வருஷ வழக்கில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ஆட்டம் திறமையா, அதிர்ஷ்டமா? இந்தக் கேள்வி ஆட்டத்தை மட்டுமே பார்க்கிறது. ஆடுகிறவன் பணயத்தை எந்த ஒழுங்கில் ஏற்றுகிறான் என்பது இதன் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டது. அழிவு பெரும்பாலும் அந்த ஒழுங்கில்தான் இருக்கிறது.

சூதாட்டம் தெரிந்த எல்லா ஊரிலும் ஒரு 'வழி' உண்டு. தோற்றால் அடுத்த தடவை இரண்டு மடங்கு வை; என்றைக்காவது ஜெயிக்கத்தானே வேண்டும், அன்று போனதெல்லாம் வந்துவிடும், மேலே ஒரு லாபமும் நிற்கும். ஐரோப்பாவில் இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். 18-ம் நூற்றாண்டு வெனிஸில் இந்த வழியில் ஆடிப் பல நாள் ஜெயித்ததையும், பிறகு இதே வழியில் காதலியின் பணம் வரை தோற்றதையும் காஸனோவா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறான்.

இந்த வழியின் தர்க்கத்தில் பிழை இல்லை; கணக்கில்தான் இருக்கிறது. பத்து ரூபாயில் ஆரம்பித்து இரட்டித்துக்கொண்டே போகிறவன் தொடர்ந்து பத்து முறை தோற்றால் 10,230 ரூபாய் போயிருக்கும். பதினோராவது பணயம் 10,240. அதில் ஜெயித்தாலும் நிகர லாபம் அதே பத்து ரூபாய்தான். அவன் கையில் மொத்தமே 10,230 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சம வாய்ப்புள்ள ஆட்டத்தில் தொடர்ந்து பத்துத் தோல்வி என்பது சராசரியாக 1024 சுற்றில் ஒரு முறை நேரும். மற்ற 1023 சுற்றிலும் அவன் பத்துப் பத்து ரூபாயாக ஜெயித்து எழுவான். கூட்டினால் 10,230. அந்த ஒரு சுற்றில் போவதும் 10,230. ஆக, இரட்டிப்பு லாபம் எதையும் உண்டாக்கவில்லை. நாளுக்கு நாள் சில்லறையாகப் போக வேண்டிய தோல்வியைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் கொடுக்கிறது. பந்தயத்தில் இந்தச் சமமும் கிடையாது. டோட்டில் சேர்ந்த பணத்தில் வரியும் கமிஷனும் பிடித்த பிறகு மிஞ்சுவதுதான் ஜெயித்தவர்களுக்குப் பங்கு.

இந்த வழிக்கு எப்போதும் சாட்சிகள் கிடைப்பது இதனால்தான். ஜெயித்த 1023 நாளும் சொல்வதற்கு ஆள் உண்டு. அந்த ஒரு நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சூது அதிகாரத்தின் இரண்டாவது குறள், ஒன்று கிடைப்பதற்கு நூறு போவதைச் சொல்கிறது. பரிமேலழகர் இதை, கிடைத்த ஒன்று தூண்டிய ஆசையில் நூறும் போவதாக விளக்குகிறார். அவருக்குத் தூண்டில் வெற்றி. இரட்டிப்பவனுக்கோ தூண்டில் தோல்விதான். அதற்கு அதிகாரத்தின் கடைசிக் குறளுக்குப் போக வேண்டும். இழக்க இழக்கச் சூதின் மேல் பற்று ஏறுவதை, துன்பப்பட்டும் உடம்பை விடாத உயிருக்கு அது உவமையாக்குகிறது. சூதாடியின் இயல்பு உவமையாக வருகிறது என்றால், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக அப்போதே இருந்திருக்க வேண்டும். நம்மவர்கள் இந்த அதிகாரத்தை நீதிபோதனையாக மனப்பாடம் செய்தார்கள். மனத்தின் இயக்கத்தைப் பற்றிய அவதானமாக யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

மகாபாரதத்தில் சகுனி கடைசியாகச் சொல்லும் யோசனையும் இதுதான். தன்னையே தோற்ற தருமனிடம், பாஞ்சாலியை வைத்து உன்னை மீட்டுக்கொள் என்கிறான். புதிதாக எதையும் ஆசை காட்டவில்லை, மீட்பைக் காட்டுகிறான். பணயம் இழப்பை நோக்கி வைக்கப்பட்ட பிறகு, எதை வைப்பது என்பதற்கு வரம்பு இல்லாமல் போகிறது.

1996-ன் தீர்ப்பை இங்கிருந்து பார்க்க வேண்டும். குதிரையின் வம்சம், சுமக்கும் எடை, ஜாக்கி, தரையின் ஈரம் இவற்றைக் கணிப்பது திறமை என்பது சரி. ஆனால் இரட்டிப்பவன் தன் போன பந்தயத்தைப் பார்க்கிறான். எவ்வளவு வைப்பது என்பதைக் குதிரை தீர்மானிப்பதில்லை, அவன் நஷ்டம் தீர்மானிக்கிறது. திறமை ஆட்டத்திலும் இரண்டாவது பணயத்தோடு திறமை விடைபெற்றுவிடுகிறது.

ஆன்லைன் ரம்மியிலும் இதே கேள்வி நடந்தது. தமிழக அரசின் 2022 சட்டத்தைப் பரிசீலித்த சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று விலக்களித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் செய்த சட்டம் அந்தப் பாகுபாட்டையே கைவிட்டது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவானாலும் தடை என்றது. சட்டத்தின் கண் ஆட்டத்திலிருந்து பணயத்துக்கு நகர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நான் இருப்பது வங்கி கவுன்டரில். அந்தச் சட்டத்துக்கு முன்பு ஒரு பாஸ்புக்கில் பதிவு போட்டுக் கொடுத்தேன். ஒரே இரவில் ஐந்து பற்று: 500, 1000, 2000, 4000, 8000. மருந்துச் செலவும் மளிகைக் கடனும் இப்படி இரட்டித்து வருவதில்லை. மொத்தம் 15,500. எல்லாம் ஒரு 500 ரூபாயை மீட்க. அடுத்த வரி, வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்த வரவு. பாஸ்புக்கை வாங்கிக்கொண்ட அந்த அம்மாள், கணக்கு அவர் பெயரில் இருந்தும், அது என்ன பற்று என்று என்னிடம் கேட்டார்.