கொடிமலையும் பொன்மலையும்: பழைய இயந்திரப் பாகங்களின் மீட்டெடுப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஜோர்ஜ் டவுனில், ஃபார்குவார் சாலையில் அமைந்த பினாங்கு மாநில அரும்பொருளகத்தின் முன்புறத்தில், கொடிமலை இரயிலின் பழைய மரப்பெட்டி ஒன்று பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. அதைச் சுற்றிவந்த பள்ளி மாணவர்கள் அதன் இயந்திரத்தைத் தேடியிருந்தால் வியப்பதற்கில்லை. உண்மையில் அப்பெட்டிக்கு இயந்திரம் என ஒன்று ஒருபோதும் இருந்ததில்லை. வடத்தால் இழுக்கப்படும் மலை இரயிலில் இயந்திரம் பாதையின் மேல்முனையிலுள்ள நிலையத்தில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். பெட்டிகள் வடத்தின் இரு நுனிகளில் கட்டப்பட்டு ஒன்று ஏற மற்றொன்று இறங்கும். ஆகவே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது அமைப்பின் அழகிய பகுதி. அதனை இயக்கிய பகுதி அன்று.

பழைய இயந்திரத்தைக் காப்பது என்பது அதன் உடலைக் காப்பதா, அதன் தேய்ந்த பாகங்களை மீண்டும் செய்யவல்ல கைத்திறனைக் காப்பதா என்னும் வினாவை எழுப்ப இந்த வேறுபாடு போதுமானது. தமிழர் வாழ்வோடு தொடர்புடைய இரண்டு மலை இரயில்களை அருகருகே வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று பினாங்குக் கொடிமலை இரயில். மற்றொன்று தமிழ்நாட்டின் நீலகிரி மலை இரயில். இரண்டும் மீட்டர் பாதைகள். இரண்டின் தொழில்நுட்பமும் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. ஆயினும் அவற்றின் இயந்திரங்களுக்கு நேர்ந்த கதி வேறுவேறானது.

கொடிமலை: மூன்று முறை சுவிட்சர்லாந்துக்கு

பிரான்சிஸ் லைட் 1788ஆம் ஆண்டிலேயே கொடிமலைக்கு ஒரு பாதையை வெட்டுவித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக மலைக்குச் செல்வோர் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமந்த டோலியிலோ ஏறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தனியார் முயற்சியால் அமைக்கப்பட்ட முதல் மலைப்பாதை தொழில்நுட்பக் குறைகளால் பயன்படாமற் போயிற்று. பின்னர் அரசே இதனை மேற்கொண்டது. கூட்டு மலாய் நாடுகளின் இரயில்வேயைச் சேர்ந்த பொறியாளர் அர்னால்ட் ராபர்ட் ஜான்சன் சுவிட்சர்லாந்துக்குச் சென்று அங்குள்ள மலைப்பாதைகளை ஆராய்ந்து திரும்பினார். ஏறத்தாழ 15 இலட்சம் நீரிணை வெள்ளி செலவில், சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை 1923ஆம் ஆண்டு அக்டோபரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் அதனை அதிகாரமுறையில் திறந்துவைத்தார்.

பாதை மேல், கீழ் என இரு பகுதிகளாக இருந்தது. பயணிகள் நடு நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறினர். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி வடமும் அதனை ஓட்டும் மின்பொறியும் இருந்தன. இறங்கும் பெட்டியின் எடை ஏறும் பெட்டியைத் தூக்க உதவுவதால், மின்பொறி ஈடுசெய்ய வேண்டியது எடை வேறுபாட்டையும் உராய்வையும் மட்டுமே. எனவே இத்தகைய அமைப்பில் பொறியின் வலிமையைவிட உராய்வைக் கட்டுக்குள் வைத்திருக்கும் அன்றாடப் பராமரிப்பே முதன்மையானது. வடத்தைத் தாங்கும் உருளிகளுக்கு எண்ணெயிடுவது, வடத்தில் அறுந்த இழைகளை எண்ணுவது, பெரிய ஓட்டுச்சக்கரத்தின் தாங்கி சூடேறுகிறதா எனக் கையால் தொட்டுப் பார்ப்பது ஆகியவையே அப்பணிகள். கண்ணுக்குப் புலப்படாத, நாள்தோறும் செய்தாக வேண்டிய வேலை அது.

1977ஆம் ஆண்டில் பழைய மரப்பெட்டிகள் விலக்கப்பட்டுச் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட சிவப்புப் பெட்டிகள் வந்தன. 2010ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவ்வமைப்பு முழுவதுமே நிறுத்தப்பட்டது. அதே நாட்டின் கரவென்டா நிறுவனம் அமைத்த புதிய இரயில் 2011ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. நடு நிலையத்தில் மாறவேண்டிய தேவை நீங்கியது. அரைமணி நேரப் பயணம் சில நிமிடங்களாகச் சுருங்கியது. ஒரு பெட்டியில் நூறு பேர் செல்ல இயன்றது. இதனைக் குறையாகச் சொல்வதற்கில்லை. நீண்ட வரிசையும் அடிக்கடி நேர்ந்த பழுதும் பழைய அமைப்பின் இறுதிக் காலத்தை நினைவில் வைத்திருப்போர்க்குத் தெரியும். ஆயினும் ஒன்றைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்: 1920களில், 1977இல், 2010இல் என மும்முறையும் அறிவைத் தேடிச் சுவிட்சர்லாந்துக்கே செல்ல நேர்ந்தது. இயந்திரம் இங்கு 87 ஆண்டுகள் ஓடிற்று. அதனைச் செய்யும் திறன் இங்கு வேரூன்றவில்லை.

ஒரு தாங்கியின் கதை

மீட்டெடுப்பு என்னும் சொல் நடைமுறையில் எதைக் குறிக்கிறது என்பதை ஒரு சிறு பாகத்தைக் கொண்டு விளக்கலாம். சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் பாகமே தாங்கி. பேரிங் எனப் பட்டறைகளில் வழங்குவது. பழைய நீராவி இன்ஜின், மலை இரயிலின் ஓட்டுச்சக்கரம், இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட மோட்டார் கார் ஆகிய அனைத்திலும் இதன் உட்புறத்தில் மென்மையான வெள்ளீயக் கலவை ஊற்றப்பட்டிருக்கும். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839இல் கண்டறிந்த இக்கலவையில் வெள்ளீயமே பெரும்பகுதி. செம்பும் ஆண்டிமனியும் சிறுபகுதி. தண்டு எஃகினாலானது, தாங்கி மென்மையானது. தேய்மானம் நேரும்போது விலை மிக்க தண்டு பிழைத்து, மலிவான ஈயம் தேயவேண்டும் என்பதே இதன் தத்துவம். எண்ணெய் தவறினால் அவ்வீயம் உருகி வழிந்தோடிவிடும்.

மீட்டெடுப்பவர் பழைய ஈயத்தை உருக்கி நீக்குகிறார். ஓட்டின் உட்புறத்தைத் துலக்கி, பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதுபோல் மெல்லிய ஈயப்பூச்சு இடுகிறார். பின்னர் ஓட்டையும் நடுவில் நிற்கும் உருளையையும் சூடாக்கி, உருகிய கலவையை ஒரே மூச்சில் ஊற்றுகிறார். ஓடு குளிர்ந்திருந்தால் கலவை ஒட்டாது. கலவை மிகையாகச் சூடேறினால் கெட்டுவிடும். ஆறியபின் கடைசல் இயந்திரத்தில் துளையை அளவுக்குக் கொண்டுவருகிறார். இதன் பின்னரே உண்மையான வேலை தொடங்குகிறது. தண்டின்மீது நீலச்சாயம் தடவித் தாங்கியில் வைத்துச் சுழற்ற, மேடான இடங்களில் மட்டும் நீலம் படியும். அவ்விடங்களைச் சுரண்டியால் மயிரிழையளவு சீவி, மீண்டும் சாயம் தடவி, மீண்டும் சுழற்றி, நீலப்புள்ளிகள் பரப்பெங்கும் சீராகப் படியும்வரை தொடரவேண்டும். இதனை நூல் கற்பிக்காது. சுரண்டியைப் பிடிக்கும் கோணம் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கே செல்கிறது.

1930களில் மாற்றத்தக்க மெல்லிய தாங்கி ஓடுகள் கார்களில் பரவிய பின்னர் இத்தொழில் தேய்ந்தது. ஃபோர்டின் 'டி' மாதிரிக் காரில் ஈயம் இயந்திரத்தின் உடலிலேயே நேராக ஊற்றப்பட்டிருந்தது; மாற்றுவதற்குத் தனி ஓடு கிடையாது. ஆகையால் அத்தகைய காரை இன்று ஓடவைக்க விரும்புவோர் பாகம் விற்கும் கடையைத் தேடிப் பயனில்லை. ஊற்றத் தெரிந்தவரைத் தேடவேண்டும். இவ்விடத்தில் ஒரு முரண் நினைவுக்கு வருகிறது. அக்கலவையின் உயிரான வெள்ளீயம் உலகச் சந்தைக்குச் சென்ற வாயில்களுள் பினாங்கும் ஒன்று. பேராக் சுரங்கங்களின் தாது ஜோர்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் சாலையில் இயங்கிய ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் ஆலையிலும், எதிர்க்கரையில் பட்டர்வொர்த்திலும் உருக்கப்பட்டது. உலகின் தாங்கிகளுக்கு ஈயம் தந்த ஊர் இது.

பொன்மலை: கடல் கடந்த ஒப்பீடு

பினாங்குத் தமிழர்க்கு நாகப்பட்டினம் அந்நியமான பெயரன்று. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் வழியாகவே பினாங்கை அடைந்தது. தோட்டங்களுக்கும் துறைமுகத்துக்கும் நகராட்சிப் பணிக்கும் வந்தோருள் பெருந்தொகையினர் அத்துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அதே நாகப்பட்டினத்தில்தான் தென்னிந்திய இரயில்வேயின் பெரும் பட்டறை இருந்தது. 1920களின் இறுதியில் அது திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்தை ஒட்டிய ஆட்குறைப்பை எதிர்த்து 1928ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேலைநிறுத்தமும், அதன் தொடர்பில் ம. சிங்காரவேலர் சிறைப்பட்டதும் தமிழகத் தொழிற்சங்க வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றன. பொன்மலையின் திறன் எளிதில் வாய்த்ததன்று என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகிறோம்.

நீலகிரி மலை இரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும், உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்டது. கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு 1 அடி என்னும் ஏற்றம் உள்ளது. வழுவழுப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவே பற்தண்டவாளம் பதிக்கப்பட்டுள்ளது. இதற்கென 1914 முதல் 1952 வரை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகர ஆலையிலிருந்து எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் வாங்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் நான்கு உருளைகள். சமவெளியில் இரண்டு உருளைகளே இயங்கிச் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பற்தண்டவாளம் தொடங்கியதும், அவற்றில் பயன்பட்டு வெளியேறும் நீராவி மற்ற இரண்டு உருளைகளுக்குச் சென்று பற்சக்கரங்களைச் சுழற்றும். வீணாகும் நீராவியையே மலையேற்றத்துக்குப் பயன்படுத்தும் இவ்வமைப்பு வியக்கத்தக்கது. பராமரிப்போர்க்கு அதுவே இரட்டை வேலையும் ஆகும். ஒன்றின் தேய்மானம் மற்றொன்றின் பொருத்தத்தைக் கெடுப்பதால் எந்தப் பாகத்தையும் தனித்துச் சீர்செய்ய இயலாது.

1952க்குப் பின் இவ்வகை இன்ஜின் வெளிநாட்டிலிருந்து வரவில்லை. இங்குதான் வரலாறு கிளை பிரிகிறது. உதிரிப்பாகம் வாங்க இடமின்றிப் போகவே, பொன்மலைப் பட்டறை மர மாதிரி செய்து வார்த்து, கடைந்து, பற்களை வெட்டித் தானே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பாகம் பாகமாகச் செய்யக் கற்ற பட்டறை ஒருநாள் முழு இன்ஜினையே செய்தது. 2011 முதல் 2014 வரை எண்ணெயால் எரியும் புதிய எக்ஸ் வகை இன்ஜின்கள் நான்கும், 2021இல் நிலக்கரியால் இயங்கும் ஒன்றும் பொன்மலையிலிருந்து வெளிவந்தன. நூறாண்டுக்கு முந்தைய வடிவில் ஒரு நீராவி இன்ஜினை நம் காலத்தில் புதிதாகச் செய்வது உலகில் அரிதான நிகழ்வாகும். சென்னைப் பெரம்பூர்ப் பட்டறையும் இத்துறையில் பின்தங்கியதன்று. லீட்ஸ் நகரில் 1855இல் செய்யப்பட்டு, நூறாண்டுக்கு மேலாக வெறும் காட்சிப்பொருளாய் நின்ற 'எக்ஸ்பிரஸ்' என்னும் இன்ஜினுக்கு இல்லாமற்போன பாகங்களைச் செய்து பொருத்தி 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அப்பட்டறை அதனை ஓடச்செய்தது.

எல்லாப் பாகமும் புதிதாக மாற்றப்பட்ட இயந்திரம் பழைய இயந்திரந்தானா என்னும் ஐயம் எழலாம். கல்வெட்டையும் ஓலையையும் ஆராயும் நமக்கு மூலப்பொருளே சான்று; படியெடுத்த ஓலை மூல ஓலை ஆகாது. ஆயினும் 1994ஆம் ஆண்டின் நாரா ஆவணம், மரபுப்பொருளின் உண்மைத்தன்மையைப் பொருளைக் கொண்டு மட்டுமன்றி, செய்முறை மரபு, பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டும் அளவிட வேண்டும் என்கிறது. நீலகிரி இரயில் 2005இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது அது ஓடிக்கொண்டிருந்த இரயில். படியெடுக்கும் மரபு அறுபடாதிருந்ததால்தான் நம் பழம் இலக்கியங்கள் பலவும் பிழைத்தன என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பொன்மலையில் நிகழ்ந்தது அத்தகைய படியெடுப்பே என்பது கட்டுரையாளர் கருத்து.

ஜோர்ஜ் டவுனில் எஞ்சியிருப்பது

பொன்மலை ஓர் அரசுப் பட்டறை; பல்லாயிரம் கைகளைக் கொண்டது. பினாங்கில் அத்தகைய திறன் ஒரு கூரையின்கீழ் இருந்ததில்லை. கடைசல், வார்ப்பு, ஈயப்பூச்சு, பற்றவைப்பு என ஜோர்ஜ் டவுனின் கடைவீடுகளில் அது சிதறிக் கிடந்தது. பழைய இரும்புச் சாமான்களும் உதிரிப்பாகங்களும் விற்ற பிந்தால் தாலி சாலைச் சந்தையும் அவ்வலையின் ஒரு கண்ணியே. இச்சிறு தொழில்களைத் தாங்கி நின்றது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1997இல் அது நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முற்றிலும் அகன்றபோது, உயர்ந்த வாடகையைத் தாளமாட்டாமல் பலர் நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியேறினர். எட்டாண்டுகள் கழித்து, 2008இல், அதே நகர் உலக மரபுச் சின்னமாயிற்று. முகப்புகள் செப்பனிடப்பட்டன; அவற்றினுள் இருந்த உலைகளுட் பல ஏற்கெனவே அணைந்துவிட்டன.

மலேசிய இந்தியர் வரலாற்றாய்வில் இத்தொழிலாளர் பெற்றுள்ள இடம் மிகச் சிறிது. கர்னைல் சிங் சந்துவின் நூலும் (1969) சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும் (1970) இத்துறையின் அடிப்படை நூல்கள். அவற்றின் பெருங்கவனம் குடியேற்றத்தின் மீதும் தோட்டத் தொழிலாளர் மீதும் செல்வது இயல்பே. செந்தூல் இரயில் பட்டறையைச் சுற்றி ஒரு தமிழ்க் குடியிருப்பே உருவானதை அனைவரும் அறிவோம். ஆனால் அங்குக் கடைசலிட்டவர் கற்ற முறை, அவர் பயன்படுத்திய சொற்கள், தம் மகனுக்கோ உதவியாளுக்கோ அவர் கைமாற்றிய நுட்பம் ஆகியவற்றை ஆய்வுப்பொருளாகக் கொண்டோர் அரியர். கொடிமலை வரலாற்றிலும் பொறியாளர் பெயரும் ஆளுநர் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. வடத்துக்கு எண்ணெயிட்டவர் பெயர் இடம்பெறுவதில்லை.

2010இல் பழைய அமைப்பு நின்றபோது பணியிலிருந்த நடுவயதினர் இப்போது முதுமையை எட்டியுள்ளனர். தாங்கி சூடேறுவதை எந்த ஒலியால் அறிந்தனர், வடத்தின் இழை அறுந்ததை விரல் எவ்வாறு உணர்ந்தது, பட்டறையில் எப்பாகத்தைத் தமிழிலும் எதனை மலாயிலும் எதனை ஆங்கிலத்திலும் அழைத்தனர் என்பவை அவர்களிடம் கேட்டறிய வேண்டியவை. நம் துறை மாணவர் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளில் இரண்டொன்று இதற்கெனப் பினாங்குக்குச் செல்லலாம். ஆயர் ஈத்தாமிலும் தண்ணீர்மலை வட்டாரத்திலும் தொடங்குவது பொருத்தமாயிருக்கும்.