உரோமையும் மதுரையும்: விடுமுறையில் ஒரு வரலாற்றுப் பயணம்



அரையாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்ட இந்த நாட்களில் குடும்பமாகப் பயணம் போகிறோம். வசதி உள்ள சிலர் உரோமை, அசிசி, பதுவை என்று திருப்பயணம் சென்று, கொலோசேயத்தின் முன் நின்று எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பார்க்கும்போது நமக்கும் ஆசை வருகிறது. விமானச் சீட்டு வாங்க வசதி இல்லாத நமக்கும் ஒரு வழி உண்டு. மதுரையில் பேருந்து ஏறினாலே உரோமையின் சுவடுகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம்.

அகஸ்துஸ் பேரரசர் மக்கள்தொகையைக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டதால்தான் யோசேப்பும் மரியாவும் பெத்லகேமுக்குப் போனார்கள் என்று லூக்கா நற்செய்தியில் கேட்கிறோம். அதே அகஸ்துசிடம் பாண்டிய மன்னர் தூது அனுப்பினார் என்று ஸ்திராபோ என்ற எழுத்தாளர் குறித்து வைத்திருக்கிறார். சில பத்தாண்டுகளுக்குப் பின் பிளினி, கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி அமைந்த பாண்டியர் நகரம் என்று மதுரையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசுகள் இந்தியாவுக்குப் போய்விடுகின்றன என்று குறைபட்டுக்கொண்டவரும் அவரே. குழந்தை இயேசு தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட காலத்தில், நம் ஊர் உரோமையர் அறிந்த ஊராக இருந்தது.

அந்த வணிகத்தின் தடயங்கள் வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன. உரோமைக் காசுகளும், திராட்சை மது கொண்டுவந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், கப்பலின் உருவம் கீறிய பானை ஓடும் அங்கே கிடைத்தன. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், 1938ஆம் ஆண்டு, இந்தியக் கைவினைஞர் செதுக்கிய தந்தச் சிற்பம் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. நம் மண்ணில் அவர்கள் காசு. அவர்கள் மண்ணில் நம் நாட்டுச் சிற்பம்.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் கீழடி இருக்கிறது. அங்கே ஒரு தென்னந்தோப்பில் மத்திய தொல்லியல் துறை 2014ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வை, 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தி வருகிறது. செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், தக்களிகள், தந்தத்தாலான தாயக்கட்டைகள், பொன் அணிகள், மணிகள் என்று ஒரு நகர வாழ்வே வெளியே வந்தது. அங்கு கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று கரிமப் பகுப்பாய்வு காட்டியது. அந்த நாட்களில் உரோமை, மன்னர்கள் ஆண்ட ஒரு சிறிய ஊர். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அங்கே போனால் பானை ஓடுகளுக்கு முன் சிறிது நேரம் நில்லுங்கள். தமிழி எழுத்தில் 'ஆதன்', 'குவிரன்' என்று பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஒரு பானையைத் தன்னுடையது என்று சொல்ல நினைத்த சாதாரண மனிதரின் கையெழுத்து அது. உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளிலும் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் தம் இறந்தோரின் பெயர்களை இப்படித்தான் சுவரில் கீறி வைத்தார்கள். எத்தனையோ அரண்மனைகள் அழிந்துபோக, இந்தப் பெயர்கள் நின்றுவிட்டன.

உரோமையிலிருந்து காசு மட்டும் வரவில்லை. ஒரு மனிதரும் வந்தார். 1577இல் உரோமையில் உயர்குடியில் பிறந்த இராபர்ட் தெ நோபிலி, இயேசு சபைக் குருவாக 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகள் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே பணி செய்தும், உள்ளூர் மக்களில் எவரும் திருமுழுக்குப் பெற முன்வரவில்லை. கிறிஸ்தவராவது என்றால் 'பரங்கி'யாக மாறுவது என்று மக்கள் எண்ணினார்கள். நோபிலி அதைக் கவனித்தார். ஏதென்ஸ் நகரில் வாய்திறக்கும் முன் ஊரைச் சுற்றிப் பார்த்த புனித பவுலைப் போல, அவரும் முதலில் பார்த்தார், கேட்டார், படித்தார். காவி உடுத்தினார், மரக்கறி உணவுக்கு மாறினார், தமிழும் தெலுங்கும் சமஸ்கிருதமும் கற்றார். ஞானோபதேசம் போன்ற உரைநடை நூல்களைத் தமிழில் எழுதினார். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்று அழைத்தார்கள். அவர் வழியைப் பற்றி எழுந்த குற்றச்சாட்டுகள் உரோமை வரை போயின. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டில்தான் திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தார். அவர் கட்டிய அரண்மனையில் எஞ்சியிருக்கும் பகுதியின் பெரிய தூண்களை இன்றும் அண்ணாந்து பார்க்கிறோம். பார்வை மங்கிய முதிய வயதில் நோபிலி 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார்.

அன்புக்குரியவர்களே, வரலாற்றை முழுமையாகச் சொல்வதே நேர்மை. உயர்சாதியினர் தம் வழக்கங்களோடே கிறிஸ்தவராகலாம் என்று நோபிலி வழி திறந்தார். அந்த வழியில் சாதியும் கூடவே நுழைந்தது. பிற சாதி மக்களுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் 1640 முதல் பணியாற்றினார்கள். ஒரே நற்செய்தி, இரண்டு வாசல்கள். பின்னாளில் ஆலயத்துக்குள்ளேயே சுவர் எழுந்தது. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910ஆம் ஆண்டுதான் அகற்றப்பட்டது. நோபிலியின் அன்பையும் துணிவையும் நாம் போற்றுகிறோம். அவர் காலம் விட்டுவைத்த காயத்தை ஆற்றும் பொறுப்பு நம்முடையது.

ஆகவே இந்த விடுமுறையில் கீழடிக்குப் போவோம். பானை ஓட்டில் பெயர் கீறிய ஆதன் எந்தத் தெருக்காரர் என்று யாரும் கேட்பதில்லை. நம் முன்னோர் என்று பெருமைப்படுகிறோம். 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவரிடம் கேட்காத கேள்வியை, ஞாயிறு திருப்பலியில் நம் அருகில் அமர்பவரிடம் மட்டும் ஏன் கேட்கிறோம்? நம் பங்கின் தேர் எந்தத் தெரு வரை போகிறது, திருவிழா வரியை யாரிடம் வாங்குகிறோம், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதையெல்லாம் வீடு திரும்பியதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுவோம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்வோம்.

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஆண்டவர் நம்மையும் நம் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.