பட்டினமும் பாக்கமும்

சென்னையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் 1639ஆம் ஆண்டில் தொடங்குவர். கிழக்கிந்தியக் கம்பெனியார் அவ்வாண்டில் மதராசப்பட்டினத்தில் இடம் பெற்றனர். பின்னர்ச் சுற்றியிருந்த ஊர்கள் ஒவ்வொன்றாக நகருக்குள் வந்தன என்பர். நவாப் தாவூத் கான் 1708இல் கம்பெனிக்கு அளித்த ஐந்து ஊர்களுள் நுங்கம்பாக்கமும் ஒன்று. நகரம் வளர்ந்தது, ஊர் கரைந்தது என்றே நாமும் படித்து வந்துள்ளோம். சாந்தோமுக்குத் தெற்கே, அடையாற்றின் முகத்துவாரத்தையொட்டிய பட்டினப்பாக்கத்தை நோக்குங்கால் இக்கூற்றில் நமக்கு ஐயம் எழுகின்றது.

நெய்தல் நிலத்து ஊர்களைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் வழங்குவது தமிழிலக்கண மரபு. இவ்வூர்ப் பெயரிலோ அவ்விரண்டும் இணைந்து நிற்கின்றன. அதை இட்டவர் எவராயினும் இடமறிந்தே இட்டிருக்கிறார்.

அறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) தமது 'முகத்திமா'வில் 'பதாவா' எனும் எளிய வாழ்வே 'ஹளாரா' எனும் நகர வாழ்வுக்கு முந்தியது, அதற்கு மூலமானது என்கிறார். பாலையையும் நாட்டுப்புறத்தையும் கண்டு அவர் எழுதிய இக்கருத்து இக்கடற்கரைக்கும் பொருந்தக் காண்கிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநராயினும் அரிசி மூட்டையாயினும் அலைகளைக் கடந்து கரையேற வேண்டுமெனில் மசூலாப் படகே கதி. கடிதங்களைக் கட்டுமரம் கொண்டு வரும். அவற்றைச் செலுத்தியோர் இக்கரையோரக் குப்பத்து மக்கள். ஆணி அடிக்காமல் தென்னை நாரினால் பலகைகளைத் தைத்து அமைத்தது மசூலாப் படகு. அலை மோதினால் வளையும், உடையாது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹஜ்ஜுக்குச் சென்ற இப்னு ஜுபைர், செங்கடலின் ஐதாப் துறையில் இவ்வாறே நாரினால் தைத்த மரக்கலங்களைக் கண்டு எழுதியிருப்பதை நம் மாணவர்கள் அறிவர். அரபுக் கடலோடியும் சோழமண்டலக் கரையாரும் ஒரே தொழில்நுட்பத்தைக் கையாண்டது தனிக் கட்டுரைக்குரிய பொருள்.

அண்டையிலுள்ள சாந்தோமில் தோமா அடிகளின் அடக்கத்தலத்திற்குக் கிறித்தவருடன் முஸ்லிம்களும் வந்து சென்றதாகப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்தார். போர்ச்சுகீசியர் வசமிருந்த அவ்வூர் 1662இல் கோல்கொண்டா சுல்தானிடமும், 1672இல் பிரெஞ்சுக்காரரிடமும் வீழ்ந்தது. 1674இல் மீண்டும் கோல்கொண்டாவிடம் சென்றது.

1746இல் அடையாற்றுப் போர் நிகழ்ந்தது. ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக்காரர், வாக்களித்தபடி அதை நவாப் அன்வருத்தீன் கானிடம் ஒப்படைக்கவில்லை. ஆகவே அவர் தம் மைந்தர் மஹ்ஃபூஸ் கானைப் பெரும்படையுடன் அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து வந்த பரடிஸின் சிறுபடை ஆற்றைக் கடந்து தாக்கவே, நவாபின் படை சாந்தோம் வீதிகளுக்குள் பின்வாங்கிச் சிதறியது. ஒழுங்கான துப்பாக்கிப் பயிற்சி பெற்ற சிறுபடை பெரும் குதிரைப்படையை வெல்லும் என்பது அன்று வெளிப்பட்டது. ஆற்காட்டு அரசின் கதையைக் கூறும்போது இத்தோல்வியை நாம் மறவாது குறிக்கிறோம். ஆனால் பீரங்கி முழங்கிய அவ்வேளையில் முகத்துவாரத்துக் குப்பத்தார் எங்கே ஒதுங்கினர்? நாம் படித்த நூல்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரலாறு எழுதுவோரிடம் உள்ள இக்குறை நம்மவரிடமும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்து, 'ஃபோர்ஷோர் எஸ்டேட்' எனும் ஆங்கிலப் பெயரும் வழங்கலாயிற்று. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதாகக் கூறிக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முற்பட்டபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து மீனவர் உயிரிழந்தனர். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை சீனிவாசபுரத்துக் குடிசைகளை வாரிச் சென்றது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலோரமாய்ச் செல்லும் இணைப்புச் சாலையின் ஓரத்தில் மீன் விற்றோரை, நீதிமன்ற உத்தரவையடுத்து 2023 ஏப்ரலில் மாநகராட்சி அகற்றியது. சாலை போடப்படும் முன்னரே இது எங்கள் மணல் என்று அவர்கள் சாலையில் அமர்ந்து போராடினர். 2024இல் அங்கே புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கட்டுமரங்கள் அருகிவிட்டன, இழைப்படகுகள் விடியலில் அதே மணலில்தான் வந்து ஏறுகின்றன.