றகர் ஆட்டமும் தீவகச் சிறாரும்: காரைநகரை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

ஒரு விளையாட்டு ஓரூரிற் காலூன்றுவதும் ஊன்றாது போவதும் தற்செயலாக நிகழ்வனவல்ல. ஆடுவோரின் உடல்வலியோ மனவிருப்போ மட்டும் அதனைத் தீர்மானிப்பதில்லை. பாடசாலை, ஆசிரியர், திடல், எதிரணி, அவ்வெதிரணியைச் சென்றடையும் வழி ஆகியவை ஒருங்கு கூடும்போதே விளையாட்டு வேரூன்றுகின்றது. இவற்றுள் ஒன்று குறையினும் அது தளர்ந்துவிடும். இலங்கையில் நூற்றாண்டுக்கு மேலாக ஆடப்பட்டுவரும் றகர் எனப்படும் றக்பி ஆட்டம் கொழும்பையும் கண்டியையும் தன் கோட்டைகளாகக் கொண்டிருக்க, யாழ்ப்பாணத் தீவகங்களை எட்டாதுபோன வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். காரைநகரை நிலைக்களனாகக் கொண்டு அவ்வரலாற்றை ஆராய்வதும், தொலைவிலுள்ள கிராமத்துச் சிறாரிடையே இத்தகைய ஆட்டமொன்றை வளர்ப்பதற்கு வேண்டுவன யாவை எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1823ஆம் ஆண்டு இரு வகையால் நினைவுகூரத்தக்கது. இங்கிலாந்தின் றக்பி நகரப் பாடசாலையில் வில்லியம் வெப் எல்லிஸ் என்னும் மாணவன் உதைபந்தைக் கையிலெடுத்து ஓடினான் என்றும், அன்றே இப்புதிய ஆட்டம் பிறந்தது என்றும் வழங்கும் கதை அவ்வாண்டுக்குரியது. வரலாற்றாசிரியர் அதனை ஓர் ஐதிகமாகவே கொள்வர். காரைநகருக்குக் கிழக்கே, பொன்னாலைக் கடலுக்கு அப்பால் அமைந்த வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தம் புகழ்பெற்ற செமினரியைத் தொடக்கியதும் அதே 1823இலேயாகும். முன்னையது கதையாயினும் பின்னையது வரலாறு. ஆங்கிலப் பாடசாலைகள் பெற்றெடுத்த விளையாட்டு ஒருபுறமும், அமெரிக்கர் கொணர்ந்த கல்வி மறுபுறமுமாக வளர்ந்தன. வலிகாம மேற்கின் ஆங்கிலக் கல்வி அமெரிக்கர் வழி வந்தமையால் ஆங்கிலேயப் பாடசாலை ஆட்டங்கள் அங்கு முதன்மை பெற வேண்டிய நிலை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களிற் பின்னாளிற் பெருவழக்காகிய கரப்பந்தாட்டம் அமெரிக்காவில் 1895இல் உருவாகி, கொழும்பு வை.எம்.சி.ஏ. நிறுவனத்தின் மூலம் 1916இல் இலங்கைக்கு வந்தது என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இலங்கையில் றகர் ஆட்டத்தை முதன்முதல் ஆடியோர் ஆங்கிலேய வணிகரும் தோட்டத்துரைமாருமாவர். 1879இல் கொழும்பில் இதற்கெனக் கழகம் அமைந்தது. கல்கத்தாவில் ஆங்கிலேயர் தம் கழகத்தைக் கலைத்துவிட்டு, எஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கிண்ணத்துக்காக இங்கிலாந்தும் ஸ்கொத்லாந்தும் முதன்முறை பொருதியதும் அவ்வாண்டிலேயே. மலையகத்திலே திம்புலை, டிக்கோயா, ஊவா முதலிய பகுதிகளில் துரைமாரின் கழகங்கள் எழுந்தன. 1908இல் இலங்கைக்கான ஒன்றியம் அமைக்கப்பட்டது. இக்கழகங்கள் நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியனவாயிருந்தன. தேயிலைச் சரிவுகளிடையே திடல்களைச் சமப்படுத்திய கைகள் தமிழ்த் தொழிலாளரின் கைகளே. ஆயின் அவர்தம் பிள்ளைகள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றனர். 1970களிற் காணிச் சீர்திருத்தங்களின் பின் துரைமார் வெளியேறவே அக்கழகங்களும் நலிவுற்றன. தன்னைச் சூழ்ந்த மக்களைச் சேர்த்துக்கொள்ளாத விளையாட்டு, அதனைக் கொணர்ந்தோருடனேயே சென்றுவிடும் என்பதற்கு மலையகம் எடுத்துக்காட்டாகின்றது.

இதற்கு மாறான வரலாறு கண்டியிலே காணப்படுகின்றது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் இந்நாட்டிற் பிறந்த பறங்கியர், ஆசிரியர். அவரே தம் மாணவர்க்கு இவ்வாட்டத்தைப் பயிற்றினார். 1906இல் கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே இலங்கைப் பாடசாலைகளிடையே நிகழ்ந்த முதலாவது போட்டியாகும். அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்குமிடையே பிரட்பி கேடயப் போட்டி தொடங்கியது. துரைமாரின் ஆட்டம் மாணவரின் ஆட்டமாக மாறியமையே அதன் நிலைபேற்றுக்குக் காரணமாயிற்று.

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. திரித்துவக் கல்லூரியை நடத்திய அதே சபையினரே சுண்டிக்குளி பரி. யோவான் கல்லூரியையும் நடத்தினர். அவ்வாறாயின் ஓரிடத்திற் செழித்த ஆட்டம் மற்றோரிடத்தில் ஏன் செழிக்கவில்லை? மிஷனரிமாரின் விருப்பம் ஒன்றே போதியதன்று என்பதே விடையாகும். கண்டியிலே அண்மையில் மற்றொரு பாடசாலை இருந்தது. சுற்றிலும் கழகங்கள் இருந்தன. மழையால் நனைந்த புற்றரை இருந்தது. யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை 1905இலேயே நிறைவெய்தியது. றகர் ஆடும் எதிரணியொன்றைக் காண இருநூறு மைல்களுக்கு மேற் பயணஞ் செய்ய வேண்டிய நிலையிலே, அண்மைப் பாடசாலைகளுடன் ஆடத்தக்க துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமுமே அங்கு நிலைபெற்றன. றகர் ஆட்டத்திற் புகழ்பெற்ற தமிழர் இல்லாமலில்லை. 1950இல் பிரித்தானிய லயன்ஸ் அணிக்கெதிராக இலங்கைக்கு ஆடிய சும்மா நவரத்தினம் அவர்களுள் ஒருவர். ஆயின் அவர் பயின்றது கொழும்பு றோயல் கல்லூரியிலாகும். ஆற்றல் எங்கும் உண்டு; வாய்ப்பே ஓரிடத்திற் குவிந்துகிடந்தது.

இனி, காரைநகரின் நிலையை நோக்குவோம். முன்னர் காரைதீவு என வழங்கிய இவ்வூரைப் பொன்னாலைத் தாம்போதி குடாநாட்டுடன் இணைக்கின்றது. தெற்கே ஊர்காவற்றுறைக்குச் செல்லக் கடலிற் பாதையேற வேண்டும். இடையே நிற்பது ஒல்லாந்தர் காலக் கடற்கோட்டை. 1888இல் தோற்றம்பெற்ற காரைநகர் இந்துக் கல்லூரி இவ்வூரின் கல்விக்கு உயிர்நாடியாக விளங்கிற்று. அங்கு ஆண்டுதோறும் நிகழும் இல்ல விளையாட்டுப் போட்டி, ஏனைய யாழ்ப்பாணப் பாடசாலைகளிற் போலவே, ஊர் கூடும் விழாவாகும். சனசமூக நிலையங்களின் வாசிகசாலைக்கு அருகே இரு கம்பங்களை நட்டு வலைகட்டினாற் கரப்பந்தாட்டத்துக்கு இடம் ஆயத்தமாகிவிடும். சிறிய காணியும் ஒரு பந்தும் ஒரு வலையுமே அதற்குப் போதும். யாழ்ப்பாணத்தார் அவ்வாட்டத்தைத் தமக்கேற்ப மாற்றி ‘ஓவர்’ என்னும் தனிமுறையொன்றையும் வழங்கிவருகின்றனர். வெளியிலிருந்து வந்த ஆட்டமொன்றை ஊர் தனதாக்கிக்கொள்ளும் முறைமைக்கு இது நற்சான்று.

றகர் ஆட்டத்துக்கோ இவ்வெளிமை இல்லை. அணிக்குப் பதினைவராக முப்பதின்மர் வேண்டும். விழுந்தெழத்தக்க மென்மையான தரை வேண்டும். தீவகத்தின் நிலமோ சுண்ணாம்புக் கற்பாறைமேற் படர்ந்த மெல்லிய மண். மாரியில் வயலாகவும் கோடையில் இறுகிய தரையாகவும் அது மாறிவிடும். அதனினும் பெருந்தடை போக்குவரத்தாகும். நெடுந்தீவு மாணவன் யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டியில் ஆடவேண்டுமாயின் முதலிற் படகேறிக் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்து, பின்னர் பேருந்தேறிப் புங்குடுதீவையும் வேலணையையும் தாம்போதிகளையும் கடக்க வேண்டும். காற்றுக்காலத்திற் கடல் கொந்தளிப்பின் அன்றைய போட்டி அவனுக்கில்லை. நகரத்து மாணவன் தோற்றபின் வீடு திரும்புகின்றான். தீவகத்து மாணவன் ஆடாமலே தோற்கின்றான் எனின் அது மிகையாகாது.

இத்தடைகளோடு போரும் சேர்ந்துகொண்டது. 1991இல் காரைநகர் மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். 1996இன் பின்னரே படிப்படியாக மீண்டனர். மீளாதவர் பலர். கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் காரைநகரார் சங்கங்கள் பெருக, ஊரிலே வகுப்பறைகள் சுருங்கின. ஒரு வகுப்பிற் பதினைந்து ஆண்பிள்ளைகளைத் திரட்டுவதே அரிதாயுள்ள பாடசாலைகளிற் பதினைவர் அணியைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது.

எனினும் வரலாறு தடைகளை மட்டுமன்றி வழிகளையும் காட்டுகின்றது. ஸ்கொத்லாந்தின் மெல்றோஸ் என்னும் சிற்றூர்க் கழகம் பணமின்றித் தவித்தபோது, 1883இல் நெட் ஹேக் என்னும் இறைச்சிக் கடைக்காரர் அணிக்கு எழுவர் என்ற முறையை முன்மொழிந்தார். ஒரே பிற்பகலிற் பல ஆட்டங்களை நடத்த அது வழிசெய்தது. இன்று ஒலிம்பிக்கில் இடம்பெறும் எழுவர் றகர், சிற்றூரொன்றின் வறுமையிலிருந்து பிறந்த தீர்வாகும். பீஜித் தீவுகளில் 1913இல் ஒன்றியம் அமைந்தபோது அது ஐரோப்பியர்க்கே உரியதாயிருந்தது. சில ஆண்டுகளிற் பீஜியர் தமக்கென ஒன்றியம் அமைத்தனர். கிராமப் புற்றரையிலும் கடற்கரை மணலிலும் ஆடிப்பழகிய அத்தீவினர் 2016இல் றியோவிலும் 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்றனர்.

பீஜி மற்றோர் உண்மையையும் உணர்த்துகின்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியரின் வழித்தோன்றல்கள், அவருள் 1903 முதல் சென்ற தென்னிந்தியரும் அடங்குவர், பெரும்பாலும் உதைபந்தாட்டத்தையே தமதாகக் கொண்டனர். 1938இல் அவர்கள் அதற்கெனச் சங்கமும் நிறுவினர். ஒரே மண், ஒரே காற்று, ஒரே மழை. ஆயின் இரு சமூகங்கள், இரு ஆட்டங்கள். இதனை இரத்தத்தின் இயல்பு என்று கூறுவது பிழை. யார் யாரைக் கழகத்திற் சேர்த்தனர், எப்பாடசாலையில் எப்பந்து இருந்தது என்பனவே இவ்வேறுபாட்டை உருவாக்கின. தமிழர்க்கு இவ்வாட்டம் ஒவ்வாது என உரைப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இந்தியாவிலும் அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உள. ஒடிசாவின் புவனேஸ்வரத்திலே பழங்குடிச் சிறார்க்கென நடத்தப்படும் கலிங்க சமூக அறிவியல் நிறுவனத்தின் பதினான்கு வயதுக்குட்பட்ட அணி 2007இல் இலண்டனில் நடைபெற்ற சர்வதேசச் சுற்றுப்போட்டியில் வெற்றிவாகை சூடியது. மேற்கு வங்காளத்தின் சரஸ்வதிபூர்த் தேயிலைத் தோட்டத்திலே, கடந்த தசாப்தத்தில் றகர் பயிலத் தொடங்கிய தொழிலாளர் குடும்பத்துச் சிறுமியர் சிலர் இந்திய அணியிலும் இடம்பெற்றனர். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகள் உள்ளே வந்தால் நிகழ்வது யாது என்பதற்கு இவை விடை பகர்கின்றன.

காரைநகரிலோ அடித்தளம் முற்றாக இல்லாமலில்லை. கிளித்தட்டு ஆட்டத்தை நுணுகி நோக்குவோர் இதனை உணர்வர். குறுக்குக் கோடுகளைக் காப்போர் ஒருபுறம். அவர்தம் கைபடாது உடலை வளைத்தும் போக்குக் காட்டியும் கோடு கடப்போர் மறுபுறம். இடைவெளியைக் காணுதலும், தோழன் காவலனை ஈர்க்கும் கணத்திற் பாய்தலும் அதன் நுட்பங்கள். கையிலொரு பந்தைக் கொடுத்துவிட்டால், மேனாடுகளில் ஏழெட்டு வயதினர்க்குப் பயிற்றப்படும் தொட்டாடும் றகர் இதற்கு வெகுதொலைவில் இல்லை என்பது புலனாகும். அங்கு சிறார் ஒருவரையொருவர் பற்றி வீழ்த்துவதில்லை. இடுப்பிற் செருகிய நாடாவை உருவுவதே தடுத்தலாகும். பற்றி வீழ்த்தும் முறை வயதுக்கேற்பப் பின்னரே கற்பிக்கப்படும். கசூரினா கடற்கரையின் மென்மணல் இத்தகைய பயிற்சிக்கு ஏற்றது. திடலில்லாக் குறையைக் கடற்கரை ஓரளவு தீர்த்துவைக்கும்.

எனவே, தீவகச் சிறாரிடையே இவ்வாட்டம் வளரவேண்டுமாயின் சில படிகள் இன்றியமையாதன. பதினைவர் அணியை விடுத்து எழுவர் அணியிலே தொடங்குதல் முதற்படி. சிறுமியரையும் தொடக்கத்திலேயே சேர்த்தல் அடுத்தது. தொகை குறைந்த ஊரிற் பாதிப்பிள்ளைகளை விலக்கிவைத்து எவ்வணியையும் கட்டமுடியாது. காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்ப் பாடசாலைகள் தமக்குள்ளே போட்டியிடுமாறும், படகுப் பயணத்துக்கு ஏற்ற பருவத்திலே அவை நிகழுமாறும் ஒழுங்குசெய்தல் பிறிதொன்று. யாவற்றிலும் முதன்மையானது ஊரவராகிய ஆசிரியரைப் பயிற்றுவித்தலாகும். ஒரு நாள் வந்து பந்துகளை வழங்கிப் படமெடுத்துச் செல்லும் முகாம்களால் விளையாட்டு வளர்வதில்லை. படைமுகாம்கள் நிலைகொண்ட ஊரிலே, ஓர் ஆட்டம் யாருடைய கையால் வருகின்றது என்பதும் பெற்றோர் மனத்தில் எழும் வினாவாகும். கண்டியில் அது மாணவரை நாளும் அறிந்த ஆசிரியரின் கையால் வந்தது, ஆதலால் நிலைத்தது.

உள்ள வளத்தை உதைபந்தாட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் செலவிடுவதே மேலன்றோ என்ற மறுப்பும் எழலாம். அதில் நியாயம் உண்டு. ஆயின் இங்கு வினா றகர் என்னும் ஓர் ஆட்டத்தைப் பற்றியதன்று. எவ்வாட்டம் எவர்க்குரியது என்பதைத் தொலைவு தீர்மானிக்க விடலாமா என்பதே வினாவாகும். ஒரு சிறுவன் தான் விரும்பாத ஆட்டத்தை ஆடாதிருத்தல் தெரிவு. அறியாத ஆட்டத்தை ஆடாதிருத்தல் இழப்பு. நகரத்துப் பிள்ளைக்குள்ள தெரிவு தீவகத்துப் பிள்ளைக்கும் உரியது.

பொன்னாலைத் தாம்போதி வழியே கல்வி வந்தது. வணிகஞ் செய்யக் காரைநகரார் நாடெங்கும் சென்றனர். பின்னர் போர் அவ்வழியே மக்களை வெளியேற்றிற்று. மீண்டு வந்தோரின் பிள்ளைகள் ஓடவும் விழவும் எழவும், தம்மையொத்த அயலூர்ப் பிள்ளைகளை எதிர்கொள்ளவும், ஆடி முடிந்தபின் கைகுலுக்கவும் வாய்ப்புப் பெறுவார்களாயின், அது ஊர் மீண்டும் ஊராகியது என்பதற்கான அடையாளங்களுள் ஒன்றாகும். அதற்கு வேண்டுவன பெரும் அரங்குகளல்ல. ஒரு பந்தும், சிறிது மணலும், பாடசாலை விட்டபின்னும் வீடு திரும்பாது நிற்கும் ஓர் ஆசிரியருமே வேண்டும்.