பட்டாம்பாக்கத்துப் பாடப்புத்தகம்

வேதப்புத்தகத்தை வைத்து மொழி கற்பது எங்கள் மேல்பட்டாம்பாக்கத்தில் பழைய வழக்கம். 1860களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர் இங்கே வந்தார். லைப்சிக் மிஷன் சபைக்குள் சாதிக்கு இடம் கொடுத்தது பொறுக்காமல் அதைவிட்டு விலகியவர் அவர். பெத்தானியா என்று பெயர் வைத்து இங்கே ஒரு மிஷன் நிலையம் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே டென்மார்க் மிஷன் சங்கம் அவரோடு கைகோத்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்த வேரிலிருந்து கிளைத்தது.

இந்த வட்டாரத்துக்கு அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வாத்தியார் ஒருவரின் திண்ணைப் பள்ளியைத் தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் படித்தார். ஒன்பது ஆண்டுகளில், 1715இல், புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிவிட்டது. மறு ஆண்டே தரங்கம்பாடி அச்சகத்தில் தாமஸ் டைச் எழுதிய ஆங்கிலப் பாடநூலும் வந்தது. 1717இல் எங்கள் பக்கத்துக் கடலூரில் தரங்கம்பாடி மிஷனரிகள் தர்மப் பள்ளி தொடங்கினார்கள். பின்னாளில் சென்னையில் தஞ்சை இளவரசர் சரபோஜிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மிஷனரி கெரிக்கே, அதற்குமுன் பல ஆண்டுகள் கடலூரில்தான் ஊழியம் செய்தார்.

அவர்களின் நோக்கம் மதம் பரப்புவதுதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற, வேதத்தை வைத்துக் கற்பிக்கும் முறையை எங்கள் குடும்பங்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டன.

என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. லண்டனில் மகன் வீட்டில் போய் இருந்தபோது, ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகளுக்கும் அவள் தம்பிக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மேசைமேல் இரண்டு புத்தகங்கள்: ஊரிலிருந்து கொண்டுபோன தமிழ் பைபிள், பக்கத்தில் குட் நியூஸ் பைபிள். தன் பழைய கிங் ஜேம்ஸ் பைபிளை அத்தை அலமாரியைவிட்டு எடுக்கவே இல்லை. அந்த ஆங்கிலம் கடைத்தெருவில் செல்லாது என்பார். குட் நியூஸ், 1976இல் முழுமையாக வெளிவந்தது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களையும் மனதில் வைத்து எளிய நடையில் செய்த மொழிபெயர்ப்பு.

தொடக்கம் யோவான் நான்காம் அதிகாரம். கிணற்றடியில் இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கும் இடம். முதலில் தமிழில் ஒருமுறை வாசிக்க வேண்டும். பிறகு ஆங்கிலத்தில் அத்தை ஒரு வரி, மருமகள் ஒரு வரி. அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, தம்பி தண்ணீர் கேட்பான், அக்கா பதில் சொல்வாள். யார், எங்கே, ஏன், எப்படி என்று எல்லாக் கேள்விகளும் அந்த உரையாடலுக்குள்ளேயே கிடைத்தன. “எனக்கு வராது அத்தை” என்று மருமகள் தயங்கினால், “கதை உனக்கு மனப்பாடம்மா. இங்கிலீஷ் மட்டுந்தான் புதுசு, பயப்படாம சொல்லு” என்பார்.

இந்த முறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கான பாடநூலில் ஆளும் புதிது, ஊரும் புதிது, மொழியும் புதிது. இங்கே பொருள் ஏற்கனவே நெஞ்சில் இருக்கிறது. பிழையாக வாசித்தால் வாசிப்பவருக்கே தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து ஞாயிறுதோறும் கேட்டது அகராதியின் வேலையைச் செய்கிறது.

எல்லாம் இதிலேயே கிடைத்துவிடாது. டாக்டரிடம் முன்பதிவு, பஸ் பாஸ், வாடகைச் சீட்டு இவற்றுக்கு வேதத்தில் வசனம் இல்லை. அத்தை அதற்குத் தபாலில் வரும் கடிதங்களையே பாடமாக்கினார். ஆனால் வாய் திறக்கும் துணிச்சலை முதலில் கொடுத்தது யோவான்தான்.

வெளிநாட்டில் உங்கள் வீட்டுக்கு அம்மாவோ, மாமியாரோ, தம்பி மனைவியோ புதிதாக வந்திருந்தால், அவர்களை நேராக வகுப்பில் கொண்டுபோய் விடாதீர்கள். அவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது ராமாயணமோ, குர்ஆனோ, பைபிளோ, எதுவானாலும் அதன் எளிய ஆங்கிலப் பிரதி ஒன்றை வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள்.